இரண்டு எழுத்து தள்ளி

எனக்கு இருபத்திரண்டு வயதானபோது, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கண் சிகிச்சை அறக்கட்டளையில் வேலை கிடைத்தது. எண்பதுகளின் கடைசி. அரியலூரும் பெரம்பலூரும் அப்போது திருச்சி ஜில்லாவில்தான் இருந்தன. என் வீடு அரியலூரில். திருச்சியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு ஒரு வருஷம் ரேடியோவும் டேப்ரிக்கார்டரும் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினால் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போய் இறங்குவதற்குள் சட்டைக் காலரில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். தட்டிவிட்டுக்கொண்டு ஆபீசுக்குள் நுழைவேன். என் வேலைக்குப் பெயர் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். வீட்டில் எல்லோரும் அந்த வார்த்தையை ஆளுக்கு ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

அறக்கட்டளை செய்த வேலை இதுதான். கிராமம் கிராமமாகக் கண் முகாம் போடுவார்கள். டாக்டர் ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்து, எத்தனை பவர் கண்ணாடி வேண்டும் என்று ஓர் அட்டையில் எழுதுவார். அந்த அட்டைகள் ஆபீசுக்கு வரும். பெயர், ஊர், பவர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் அடித்து, ஊர்வாரியாக அடுக்கி, ஒரு பட்டியல் எடுத்துத் திருச்சியில் கண்ணாடி செய்கிறவர்களுக்கு அனுப்ப வேண்டும். கண்ணாடி வந்ததும் ஊர்க்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கம்ப்யூட்டர் பழையது. மெட்ராஸில் ஒரு கம்பெனி புதிதாக வேறு வாங்கிக்கொண்டு இதை அறக்கட்டளைக்கு தானமாகக் கொடுத்திருந்தது. தகர மேசை போல ஒரு பெட்டி, அதன்மேல் பச்சை எழுத்துத் திரை, பக்கத்தில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். ஆபீசில் அதன் மூடியைத் திறக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. காரணமே இல்லாமல் வாரம் ஒரு தடவை மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசி தட்டுவேன். யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன்.

அட்டைகளை அடித்தது ஓர் அக்கா. குரும்பலூரிலிருந்து வருவார். முப்பத்தைந்து வயது இருக்கும். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். அவர் வீட்டுக்காரர் எறையூர் சர்க்கரை ஆலையில் கரும்பு சீசனுக்கு வேலைக்குப் போகிறவர். அக்காவின் அம்மா அன்றைக்கும் அடுத்தவர் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் தெருவில் நாற்காலி போட்டு உட்காருகிற வேலைக்கு வந்த முதல் பெண் அக்காதான். அதை அவர் பெருமையாகச் சொன்னதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்காருவதில் அது தெரியும்.

அக்காவின் வேகத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரால் ஈடு கொடுக்க முடியாது. அவர் அடித்துக்கொண்டே போவார், திரையில் எழுத்து பின்னால் வரும். சில நேரம் மூச்சு முட்டினாற்போல பீப் பீப் என்று கத்தும். அக்கா கையை எடுத்துக்கொண்டு சிரிப்பார்.

“என்ன தம்பி, ஒன் மிஷினு இப்புடி எளைக்குது? என் பழைய டைப்ரைட்டரே தேவலாம் போலருக்கே.”

என் மிஷின் என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இளைக்கிறது என்று சொன்னது உறுத்தியது.

ஊர்வாரியாக அடுக்குவது அதைவிட மோசம். கட்டளையைக் கொடுத்துவிட்டுப் பதினோரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். டாக்டர் பின்னால் வந்து நின்று, “இன்னும் முடியலையா?” என்று கேட்டுவிட்டுப் போவார். சாதாரணமாகத்தான் கேட்பார். எனக்கு என்னைக் குறை சொல்வதுபோல இருக்கும்.

டிப்ளமாவில் என்னோடு படித்த ஒருவன் மெட்ராஸில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் இருந்தான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது ஒரு விஷயம் சொன்னான். கம்ப்யூட்டரின் போர்டில் ஒரு சின்ன உலோகக் குப்பி இருக்கும், அதற்குள் ஒரு படிகம். எங்கள் தொழிலில் கிரிஸ்டல் என்போம். அது துடிக்கிற துடிப்புக்குத்தான் உள்ளே எல்லா வேலையும் நடக்கிறது. அதைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறதைப் போட்டால், கணக்குப் போடும் பிராசசரும் அதற்கேற்ப வேகமாக ஓடும்.

“ரொம்ப ஏத்திடாத. இருபத்திநாலு மெகாஹெர்ட்ஸ் இருந்தா முப்பது போடு. அதுல மூணுல ஒரு பங்குதான் பிராசசருக்குப் போவும், எட்டுல ஓடறது பத்துல ஓடும். அவ்வளவுதான், ஒண்ணும் ஆவாது” என்றான். ஒரு கிரிஸ்டலையும் பழைய சிகரெட் பெட்டித் தாளில் சுற்றிக் கொடுத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டவுனில் வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பெரம்பலூர் போனேன். ஆபீஸ் சாவி என்னிடமும் ஒன்று இருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டாக்டர் வேண்டாம் என்றிருப்பார். ஏனென்றால் அது என் பொருள் அல்ல. சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணி, மூடியைத் திறந்து, போர்டை வெளியே எடுத்து, பழைய கிரிஸ்டலின் இரண்டு கால்களிலும் ஈயத்தை உருக்கி இழுத்தேன். அந்த இடத்தில் ஒரு சாக்கெட்டைப் பற்ற வைத்தேன். சரிப்படாவிட்டால் பழையதைத் திரும்பச் செருகிவிடலாம் என்று முன்யோசனை. புதியதைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன்.

திரை வழக்கம்போலப் பச்சையாக விழித்தது. பெயர்ப் பட்டியலை அடுக்கச் சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நிமிஷம் சொச்சம். பிராசசரைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு. காலி ஆபீசில் நான் மட்டும் எழுந்து நின்று இரண்டு கையையும் தட்டிக்கொண்டேன். அடுக்கி வந்த பட்டியலை அட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அது தோன்றவே இல்லை. வேகம்தானே வேண்டும், வேகம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை அக்கா நாலு அட்டை அடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“என்ன பண்ணுன இத?”

“புரோகிராம்ல சின்ன மாத்தம் பண்ணேன்க்கா.”

“பரவால்லயே. இப்ப ஓடியாருதே என் பின்னாடி!”

டாக்டரிடமும் அதே பொய்யைச் சொன்னேன். அவர் தோளில் தட்டி, “பையன் கெட்டிக்காரன்” என்று மானேஜரிடம் சொன்னார். ஒரு வாரம் முழுக்க நான் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததே தெரியவில்லை.

தை மாசம் முடியும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. மாசி பாதியில் வெயில் ஏறியது. எங்கள் அறையில் தலைக்கு மேலே ஒரு ஃபேன், மேற்கே ஒரு ஜன்னல், அவ்வளவுதான். ஒரு மத்தியானம் மூணு மணிக்குத் திரை அப்படியே நின்று, பாரிட்டி தவறு என்று ஒரு வரி வந்தது. அணைத்துப் போட்டேன், சரியாகிவிட்டது. மறுநாள் மறுபடி. அதற்கடுத்த நாள் இரண்டு தடவை.

அது என்ன என்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஒவ்வோர் எழுத்தையும் எட்டுச் சில்லுகள் சேர்ந்து ஞாபகம் வைத்துக்கொள்கின்றன. ஒன்பதாவதாக ஒரு சில்லு உண்டு. அது மற்ற எட்டும் ஒழுங்காக வைத்திருக்கின்றனவா என்று கணக்குப் பார்க்கும். தப்பு இருந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கத்தும். சூட்டிலும் புது வேகத்திலும் எட்டில் ஏதோ ஒன்று தடுமாறுகிறது. ஒன்பதாவது அதைச் சொல்கிறது.

பழைய கிரிஸ்டலைத் திரும்பப் போட்டிருக்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் டாக்டர் அன்று காலைதான் வெளியூரிலிருந்து வந்த யாரோ ஒருவரிடம் என்னைக் காட்டி, “இந்தப் பழைய மிஷினையே புதுசு மாதிரி ஆக்கிட்டான்” என்று சொல்லியிருந்தார். போர்டில் ஒரு ஓரத்தில் ஜம்பர் என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் தொப்பி. அதை இடம் மாற்றினால் ஒன்பதாவது சில்லின் கத்தலைக் கம்ப்யூட்டர் காதில் வாங்காது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மூடியைத் திறந்து அதை மாற்றிச் செருகினேன்.

அதன்பிறகு அது நிற்கவே இல்லை.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய் ஆபீசுக்கு வந்தார். டெய்லர். சவுதியில் பத்து வருஷம் தையல் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து கடை போட்டவர். வலது கை ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. இடது கையால் சட்டைப் பையிலிருந்து நாங்கள் கொடுத்த கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தார். கோபமே இல்லை.

“டாக்டர் ஐயா, இதப் போட்டா துணிய மூக்குக்கிட்ட கொண்டாரணும்ங்க. எட்டத்துல வச்சா ஊசியே கலங்கலாத் தெரியுது. பழகப் பழகச் சரியாயிடும்னு எங்க வூட்ல சொன்னாங்க. குனிஞ்சே தச்சேன். போன வாரம் ஊசி வெரல்ல ஏறிடுச்சு. ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் வந்துடுச்சுங்க. அல்லா காப்பாத்துனான், எலும்புல படல.”

டாக்டர் கண்ணாடியைச் சோதித்துப் பார்த்தார். மூன்றரை பவர். முகாம் அட்டையைத் தேடி எடுத்தார். அவர் கையெழுத்தில் ஒன்றரை என்றிருந்தது. பட்டியலை எடுத்தார். பட்டியலில் மூன்றரை.

அன்று சாயங்காலம் வரை எல்லா அட்டைகளையும் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். டாக்டர் அட்டையைப் படிப்பார், அக்கா பட்டியலைப் பார்ப்பார். பதினேழு பேருக்கு பவர் தப்பு. அதுபோக ஊர்ப் பெயர்களில் ஏழெட்டுப் பிழை. அக்கா தன் சொந்த ஊரின் பெயரிலேயே ஒரு பிழையைத் தானே கண்டுபிடித்துச் சொன்னார்.

மறுநாள் டாக்டர் அறையில் எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்டர், மானேஜர், அக்கா, நான். மானேஜர்தான் பேசினார்.

“ஏம்மா, கண்ணு சம்பந்தப்பட்ட விஷயம். இவ்வளவு அஜாக்கிரதையா அடிச்சா எப்படி?”

“நான் அடிச்சு முடிச்சதும் ஒவ்வொண்ணையும் திரும்பப் படிச்சுத்தான் சார் அடுத்ததுக்குப் போவேன். சரியாத்தான் இருந்துச்சு.”

“அப்ப இது யாரு அடிச்சது?”

அக்கா பட்டியலைக் கையில் எடுத்தார். குரல் உயரவில்லை. “சார், கை தவறுனா பக்கத்து எழுத்துதான் விழும். இங்க பாருங்க, குரும்பலூர்ல ஏ வர்ற எடத்துல சி விழுந்திருக்கு. ஏ சுண்டு வெரல்ல அடிக்கறது. சி நடுவெரல்ல, கீழ் வரிசையில. ஒண்ணுக்கும் மூணுக்கும் நடுவுல ரெண்டு இருக்கு. பதினஞ்சு வருஷமா அடிக்கறேன், இந்த மாதிரித் தப்பு என் கைக்கு வராது சார்.”

அந்த அறையில் அவர் சொன்னதன் முழு அர்த்தமும் புரிந்தவன் நான் ஒருவன்தான். ஏ என்பது சி ஆகிறது. ஒன்று மூன்றாகிறது. எல்லாப் பிழையும் சரியாக இரண்டு எழுத்து தள்ளி. கம்ப்யூட்டர் எழுத்துகளை வைத்துக்கொள்ளும் முறையில், எட்டில் இரண்டைக் குறிக்கும் ஒரே ஒரு சில்லு, பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று என்று சொன்னால் அப்படித்தான் ஆகும். அவர் சரியாக அடித்திருக்கிறார். ஊர்வாரியாக அடுக்கும்போது, அந்த ஒன்பது நிமிஷத்தில், மெமரியில் கெட்டிருக்கிறது. அதைச் சொல்லவிடாமல் ஒன்பதாவது சில்லின் வாயை மூடியது நான்.

அக்கா என்னைப் பார்த்தார். உதவி கேட்கிற பார்வைகூட இல்லை. இவனுக்குத் தெரியும், இவன் மிஷின் ஆள், நான் சொல்வது நியாயம்தானே என்று கேட்கிற பார்வை. நான் என் கைக்கடிகாரத்தின் வாரைச் சரிசெய்துகொண்டேன்.

அக்கா வெளியே போனபிறகு மானேஜர் டாக்டரிடம், “இவங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரக் குடுத்தா இப்படித்தான் சார்” என்றார். இவங்க என்றால் யார் என்று எனக்குத் தெரியும். குரும்பலூரில் அக்காவின் தெரு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். டாக்டர் முகம் சுளித்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்காவிடம் எழுத்து மூலமாக மன்னிப்புக் கடிதம் வாங்கினார்கள். புதுக் கண்ணாடிகள் வந்ததும் பதினேழு வீட்டுக்கும் நேரில் போய்க் கொடுத்து, தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வரச் சொன்னார் மானேஜர். கண்ணாடிப் பெட்டியையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு துணைக்கு நான்.

இரண்டு நாள் ஜீப்பில் சுற்றினோம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அக்கா பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஆள் வந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொல்வார்: “நான்தாங்க ஆபீஸ்ல டைப் அடிக்கறவ. ஒங்க கண்ணாடி நம்பரத் தப்பா அடிச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க.” நான் பக்கத்தில் நின்று பெட்டியைத் திறந்து புதுக் கண்ணாடியை நீட்டுவேன். அரும்பாவூரில் ஒரு வயதான ஆள், “கண்ணு போயிருந்தா நீயா குடுப்ப?” என்று கத்தினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, மறுபடியும், “மன்னிச்சுக்கங்க” என்றார். அந்தப் பெரியவர் பழைய கண்ணாடியை என் கையில் கொடுத்தபோது, “நீ நல்லாருப்பா, பொறுப்பாக் கொண்டாந்து குடுத்த” என்றார்.

அங்கிருந்து திரும்பும்போது ஜீப்பில் பின்னால் நாங்கள் இரண்டு பேர்தான். வெளியே பார்த்துக்கொண்டிருந்த அக்கா திடீரென்று கேட்டார்.

“ஏன் தம்பி, கம்ப்யூட்டரே தானாத் தப்பு பண்ணுமா?”

இதைவிட நேராக யாரும் என்னிடம் கேட்டிருக்க முடியாது. கேட்டதும் அவர்தான். மூன்றாவது ஆள் இல்லை. ஜீப் சத்தத்தில் டிரைவருக்குக்கூடக் கேட்டிருக்காது.

“பண்ணாதுக்கா” என்றேன். “நாம குடுக்கறதத்தான் அது திருப்பிக் குடுக்கும்.”

“அப்ப நாந்தான் போல” என்றார் அக்கா. கொஞ்ச நேரம் தன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அவருக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கையை நான்தான் அந்த ஒரு வார்த்தையில் பிடுங்கினேன். மற்ற எதை மறந்தாலும் அந்த விரல்களை எனக்கு மறக்க வரவில்லை.

கடைசி வீடு பாயுடையது. விரல் கட்டு சின்னதாகியிருந்தது. அக்கா சொல்லி முடிப்பதற்குள் அவர் கையை உயர்த்தினார். “போதும் தங்கச்சி. மனுசன் கை தவறாதா? நானே தப்புத் தையல் போட்டுப் பிரிச்சிருக்கேன். உள்ள வாங்க, டீ சாப்பிட்டுப் போங்க.” டீ குடித்தோம். எனக்கு பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்தார். நான் இரண்டு எடுத்துச் சாப்பிட்டேன். ஏன் இதை எழுதுகிறேன் என்றால், அன்று எனக்குப் பசியும் போகவில்லை, தொண்டையும் அடைக்கவில்லை. அவமானம் எல்லாம் பின்னால்தான் வந்தது. அந்த நேரத்தில் இருந்ததெல்லாம் பயம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்குப் போய்ப் பழைய கிரிஸ்டலைச் செருகினேன். ஜம்பரையும் பழைய இடத்தில் வைத்தேன். அன்று ஒரு பட்டியலை மூன்று தடவை அடுக்கி, முதல்முறையாக ஒவ்வொரு வரியாக அட்டைகளோடு ஒப்பிட்டேன். ஒரு பிழைகூட இல்லை.

அதற்குள் அக்காவைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, கவர்களில் விலாசம் எழுதும் மேசைக்கு மாற்றியிருந்தார்கள். அட்டைகளை நானே இரண்டு விரலால் குத்திக் குத்தி அடித்தேன். அடுத்த பட்டியலை டாக்டர் முழுக்கச் சரிபார்த்தார். தப்பே இல்லை. மானேஜர் மேசையைத் தட்டி, “பாத்தீங்களா சார், ஆள மாத்துனதும் சரியாயிடுச்சு” என்றார். அக்கா நாலடி தள்ளி உட்கார்ந்து கவர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

நான் திருத்தியதே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இதை நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். எதிர்பார்க்கிற அளவுக்கு நான் அவரைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

ஒரு மாசம் கழித்து அக்கா வருவதை நிறுத்திவிட்டார். கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டதே என்று டாக்டர் ஒரு நாள் கேட்டார். பழசு சார் என்றேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் அரியலூரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில், டைப் அடிக்கிறவர்கள் உட்காரும் வரிசையில் அக்காவைப் பார்த்தேன். ஒரு வேப்பமரத்தடியில் மேசை போட்டு, மனு டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பழைய டைப்ரைட்டர். என் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். மறுநாளிலிருந்து ரயிலடி வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். ஏழெட்டு மாசம் அப்படிச் சுற்றினேன். மழை நாளில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுகூட அந்தச் சுற்றுவழியில்தான் போனேன்.

பிறகு ஒரு நாள் போனேன். எது என்னைத் தள்ளியது என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. முந்தின நாள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கம்ப்யூட்டரில் அட்டை ஏற்றச் சொல்லிக்கொடுத்தேன். அவள், “முன்னாடி இருந்தவங்க ரொம்பத் தப்பா அடிப்பாங்களாமே சார்” என்று கேட்டாள். இவள் அக்காவைப் பார்த்ததுகூட இல்லை. அந்த ராத்திரி சரியாகச் சாப்பிட முடியவில்லை.

அக்கா என்னைப் பார்த்ததும் சிரித்து, “வா தம்பி, நல்லாருக்கியா? உக்காரு” என்று பெஞ்சைக் காட்டினார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கிரிஸ்டல், ஜம்பர், எட்டுச் சில்லு, ஏ சியாக மாறுவது, ஜீப்பில் சொன்ன பொய். பாதி அவருக்குப் புரிந்திருக்காது என்று நினைத்தேன். முழுக்கப் புரிந்தது.

அவர் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தார். பிறகு கேட்டார்.

“அப்ப என் வெரலு தவறல.”

“இல்லக்கா.”

“ஒண்ணுகூட?”

“ஒண்ணுகூட இல்லக்கா.”

“நான் இங்க ஒவ்வொரு மனுவையும் மூணு மூணு தடவ படிக்கறேன் தம்பி. ஒரு வரி அடிச்சா ஒரு வரி படிக்கறேன். இந்த வரிசையிலயே நாந்தான் மெதுவா அடிக்கறவ. தெரியுமா ஒனக்கு?”

நான் அழ ஆரம்பித்தேன். அவருக்கு எரிச்சல் வந்தது.

“டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?”

“இன்னும் இல்லக்கா.”

“அப்பறம் எங்கிட்ட எதுக்கு வந்த? அழுதுட்டுப் போவவா? போயி அங்க சொல்லு.”

மறுநாள் காலை டாக்டரிடம் சொன்னேன். நான் முடித்ததும் எழுந்து பீரோவைத் திறந்து, ஒரு ஃபைலைப் புரட்டி, ஒரு தாளை எடுத்தார். அக்கா எழுதிக்கொடுத்த மன்னிப்புக் கடிதம்.

“இத எழுத்துல வாங்குனேன்பா நான்” என்றார். “அந்தம்மா அன்னைக்கு வெரலு வச்சு விளக்குச்சு. நான் கேக்கல.”

எல்லோரையும் கூப்பிட்டு, நான் சொன்னதை மறுபடி அவர்கள் முன்னால் சொல்லச் சொன்னார். சொன்னேன். மானேஜர், “பழைய கதைய இப்ப எதுக்குங்க கிளறணும்” என்றார். டாக்டர் அவரை உட்காரச் சொன்னார். என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. “அந்த பாய் வூட்டுக்கும், மத்த வூட்டுக்கும் போயி நீயே சொல்லிட்டு வா. அப்பறம் பேசுவோம்” என்றார். போனேன். இந்த முறை ஜீப் இல்லை, பஸ்ஸிலும் நடந்தும். நாலு நாள் ஆனது. பாதிப் பேருக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே விளங்கவில்லை. கண்ணாடி இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, எதற்கு மறுபடி வந்தாய் என்றார்கள். பாய் மட்டும் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, “அந்தத் தங்கச்சிய நம்ம வாசல்ல நிக்கவச்சு நீயும் பக்கத்துலயே நின்னியேப்பா” என்றார். இந்தத் தடவை டீ குடிக்கச் சொல்லவில்லை.

டாக்டர் ஒரு கடிதம் எழுதி, அக்காவின் பழைய கடிதத்தையும் அதோடு வைத்து என்னிடமே கொடுத்து அனுப்பினார். மறுபடியும் வேலைக்கு வரச் சொல்லி எழுதியிருந்தார். கோர்ட்டுக்குப் பக்கத்தில் அக்கா ஒரு விவசாயிக்கு மனு அடித்துக்கொண்டிருந்தார். ஓரமாக நின்று காத்திருந்தேன். பக்கம் முடிந்ததும் உருளையைத் திருகித் தாளை எடுத்தார். படித்துப் பார்க்காமல் அந்த ஆள் கையில் கொடுத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கவரைப் பிரித்தார்.

டாக்டர் எழுதியதை ஒரு தடவை படித்தார். தன் கடிதத்தைப் படிக்கவில்லை. நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“வரீங்களாக்கா?” என்றேன்.

“இல்ல தம்பி. எனக்கு இங்கயே சரியாருக்கு. டாக்டருக்கு நன்றின்னு சொல்லு.”

நான் மேசைப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். ஒரு வயதான அம்மா கையில் கசங்கிய காகிதத்தோடு மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அக்கா புதுத் தாளைச் செருகி, “சொல்லுங்கம்மா” என்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“கொஞ்சம் தள்ளி நில்லு தம்பி. வெளிச்சத்த மறைக்கற.”

தள்ளி நின்றேன். அவர் அடிக்கத் தொடங்கினார்.